கராஜ் பட்டறைக்கு ஹீற்றர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பகுதிகளில் வீட்டோடு ஒட்டிய கராஜில் மரவேலையோ வாகனத் திருத்தமோ செய்கிறவர்கள் நவம்பர் நடுப்பகுதியில் கதவைப் பூட்டினால் ஏப்ரலில்தான் மீண்டும் திறக்கிறார்கள். அந்த ஐந்து மாதங்களை மீட்டெடுக்க ஒரு ஹீற்றர் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், பல குளிர்காலங்கள் ஒரே கராஜில் மரவேலை செய்து நான் கண்ட விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு விதமாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் ஒற்றைக் கார் கராஜை, அதாவது ஏறத்தாழ 12 அடி அகலமும் 22 அடி நீளமும் உள்ள இடத்தை, மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

என் கராஜுக்கு எத்தனை வாற் ஹீற்றர் வேண்டும்?

கடைக்குப் போகுமுன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். கராஜின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீற்றரில் அளந்து பெருக்கினால் கன அளவு வரும். வெளியே இருக்கும் குளிருக்கும் உள்ளே நீங்கள் விரும்பும் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் அதைப் பெருக்குங்கள். பின்னர், சுவரும் கதவும் வெப்பத்தை எந்த அளவுக்குப் பிடித்து வைக்கின்றன என்பதற்கான எண்ணால் பெருக்குங்கள்: வெறும் தகரக் கொட்டகைக்கு 3 முதல் 4 வரை, வெப்பக் காப்பு (இன்சுலேஷன்) இல்லாத சாதாரணச் சுவர்களுக்கு 2 முதல் 3 வரை, ஓரளவு காப்பிட்ட கட்டடத்துக்கு 1 முதல் 2 வரை, மிக நன்றாகக் காப்பிட்டதற்கு 1க்கும் குறைவு. வரும் தொகை ஒரு மணித்தியாலத்துக்கான கிலோகலோரி. அதை 860 ஆல் வகுத்தால் கிலோவாற் கிடைக்கும். இது பொறியியலாளரின் கணக்கு அல்ல. ஆனால் கடைக்காரரின் ஊகத்தைவிட நம்பத்தக்கது.

என் கராஜையே எடுத்துக்கொள்வோம். 3.6 மீற்றர் அகலம், 6.7 மீற்றர் நீளம், 2.7 மீற்றர் உயரம். கன அளவு 65. வெளியே −10 பாகை, உள்ளே 10 பாகை போதும் என்றால் வித்தியாசம் 20. காப்பு இல்லாதபோது என் கராஜின் எண் 2.5 என்று வைத்தால் 65 × 20 × 2.5 = 3250; அதாவது 3.8 கிலோவாற். கதவையும் வெளிச்சுவர்களையும் காப்பிட்டு அந்த எண்ணை 1.2க்கு இறக்கினால் தேவை 1.8 கிலோவாற்றாகக் குறைந்துவிடுகிறது. இரண்டு கார் நிற்கும் கராஜில், காப்பு எதுவும் இல்லையென்றால், இதே கணக்கு 6 கிலோவாற்றைத் தாண்டும்.

கணக்கைத் திருப்பியும் போட்டுப் பார்க்கலாம். காப்பில்லாத அந்தக் கராஜில் 1500 வாற் ஹீற்றர் ஒன்றை ஓடவிட்டால் உள்ளே வெப்பம் வெளியைவிட ஏறத்தாழ 8 பாகைதான் உயரும். வெளியே −10 என்றால் உள்ளே −2. வீட்டுச் சுவரிலிருந்து கசிந்து வரும் சூடு இன்னும் ஓரிரு பாகையைச் சேர்க்கலாம். "புது ஹீற்றர் வாங்கினேன், ஒன்றும் சூடாகவில்லை, பழுதான சாமான்" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் பலருடைய ஹீற்றரில் எந்தப் பழுதும் இல்லை.

அப்படியானால் ஹீற்றருக்கு முன் கதவைக் கவனிக்க வேண்டுமா?

ஆம். 9 அடிக்கு 7 அடி அளவுள்ள, காப்பில்லாத மெல்லிய இரும்புக் கதவு, 20 பாகை வித்தியாசத்தில் ஏறத்தாழ 650 வாற்றை வெளியே விட்டுவிடும். 1500 வாற் ஹீற்றர் தரும் சூட்டில் கிட்டத்தட்டப் பாதிக்குச் சமமான அளவைக் கதவு ஒன்றே விழுங்குகிறது என்று பொருள். கதவுக்கென்றே விற்கப்படும் காப்புப் பலகைகளைப் பொருத்தினால் அந்த இழப்பு நூறு வாற் அளவுக்குச் சுருங்கும்.

ஓரங்களில் நுழையும் காற்று வேறு. காற்றடிக்கும் ஒரு மாலையில் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, கையில் ஒரு ஊதுபத்தியையும் ரோர்ச் லைற்றையும் எடுத்துக்கொண்டு கதவின் நான்கு ஓரங்களிலும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். புகை நேராக மேலே போகும் இடத்தில் பிரச்சினை இல்லை. சட்டென்று உள்பக்கம் மடியும் இடத்தில்தான் உங்கள் பணம் போகிறது. என் கதவில் அது கீழ் வலது மூலை. சீமெந்துத் தரை அங்கே ஒரு விரலளவு தாழ்ந்திருந்ததால் அடி றப்பர் தரையைத் தொடவே இல்லை. தடித்த றப்பராக மாற்ற முப்பது டொலரும் ஒரு பிற்பகலும் போனது. அந்த ஆண்டு வேறு எதற்குச் செலவழித்த பணமும் அவ்வளவு பலன் தரவில்லை.

ஒரு எச்சரிக்கை. கதவில் பலகைகளைச் சேர்த்தால் அதன் எடை கூடும்; கதவைத் தூக்கும் சுருள்வில்லின் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டி வரும். அந்த வில்லில் தேங்கியிருக்கும் விசை கையை முறிக்கக்கூடியது. அதை மட்டும் கதவுத் தொழிலாளரிடம் விட்டுவிடுங்கள்.

சாதாரணச் சுவர்ப் பிளக்கில் ஓடும் ஹீற்றர் எதுவும் 1500 வாற்றைத் தாண்டுவதில்லையே, ஏன்?

கனடிய வீடுகளில் சாதாரணப் பிளக்குக்கு வரும் மின்சாரம் 120 வோல்ற், பிரேக்கர் 15 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1800 வாற். ஆனால் மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சாதனம் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் வயரும் பிளக்கும் சூடாகும் என்பதால் தயாரிப்பாளர்கள் 1500 வாற்றில் நிறுத்திவிடுகிறார்கள். அதுவே 12.5 அம்பியரை இழுக்கும். அதே வயரில் வேறு எதற்கும் மீதி இல்லை.

இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் வீடுகளில் கராஜ் என்றால் அதன் மூலையில் ஒரு பெரிய பிறீசர் இருக்கும். என் கராஜில் பிறீசரும் ஹீற்றரும் ஒரே பிரேக்கரில் இருந்தன என்பதை நான் பார்க்கவில்லை. ஒரு நவம்பர் வெள்ளி இரவு ஹீற்றரை ஓடவிட்டபோது, பிறீசரின் மோட்டர் தொடங்கிய நேரம் பிரேக்கர் விழுந்துவிட்டது. வேலை முடியும் தறுவாய் என்பதால் நானும் விளக்கு எரிகிறதே என்று பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டேன். விளக்கு வேறு பிரேக்கரில் இருந்தது. திங்கட்கிழமை மூடியைத் திறந்தபோது இரண்டு அறக்குளா மீனும் ஒரு முழு ஆட்டின் இறைச்சியும் தண்ணீரில் மிதந்தன. வீட்டில் அந்த ஹீற்றருக்கு இன்றும் வேறொரு பெயர் உண்டு; அதை இங்கே எழுத முடியாது. ஹீற்றர் வாங்குமுன் கராஜுக்கான பிரேக்கரை அணைத்து, எவையெல்லாம் நின்றுபோகின்றன என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

நாற்பது டொலர் ஹீற்றருக்கும் இருநூறு டொலர் ஹீற்றருக்கும் சூட்டில் வித்தியாசம் உண்டா?

இரண்டிலும் 1500 வாற் என்று எழுதியிருந்தால் இல்லை. உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. அதில் திறமையாகச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பெட்டியில் பி.ரி.யு. (BTU) என்ற வெப்ப அலகில் எழுதியிருந்தாலும் 1500 வாற் என்பது ஏறத்தாழ 5100 பி.ரி.யு. தான். "அறையைப் பாதி மின்சாரத்தில் சூடாக்கும்" என்று விளம்பரப்படுத்தப்படும் சாதாரண மின் ஹீற்றரை நான் நம்புவதில்லை. கூடுதல் விலைக்குக் கிடைப்பது நல்ல தேர்மோஸ்ரற், விழுந்தால் தானாக அணையும் விசை, தடித்த வயர், சத்தம் குறைந்த விசிறி ஆகியவை. இவற்றில் முதல் மூன்றுக்கும் பணம் கொடுக்கலாம்.

விசிறி ஹீற்றர், எண்ணெய் றேடியேற்றர், சிவந்து எரியும் கதிர்வீச்சு ஹீற்றர்: எது பட்டறைக்கு ஏற்றது?

நீங்கள் உள்ளே எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு மணித்தியாலம் மட்டும் வேலைமேசையில் நின்று ஏதாவது திருத்துகிறவருக்குக் கதிர்வீச்சு ஹீற்றரே சிறந்தது. அது காற்றைச் சூடாக்குவதற்காகக் காத்திருப்பதில்லை. காலை வெயில் முதுகில் படுவதுபோல நேரே உடம்பில் படும். காப்பில்லாத கராஜில் 1500 வாற்றை வைத்துக்கொண்டு ஏதாவது பயன் காண வேண்டுமென்றால் இதுதான் வழி. அதன் குறையும் அதுதான்: அது பார்க்கும் பக்கம் மட்டுமே சூடு. கை வெதுவெதுப்பாக இருக்கும், கையில் பிடித்த உளி ஐஸ்போல இருக்கும். தரையில் வைக்காமல் மேசைக்கு எதிரே சுவரின் உயரத்தில் பொருத்தும் வகையை எடுத்தால் காலில் தட்டாது, மரத்தூளும் எட்டாது.

எண்ணெய் றேடியேற்றர் சூடாகவே அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் சத்தம் கிடையாது, சிவந்து எரியும் கம்பியும் வெளியே கிடையாது. காப்பிட்ட சிறிய கராஜில், வேலை தொடங்குவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் போட்டுவிடக்கூடியவருக்கு இது நிம்மதியான சாமான்.

விசிறி ஹீற்றர் காற்றை விரைவாகச் சூடாக்கும். ஆனால் பட்டறையில் அது மரத்தூளை உள்ளே இழுத்து வெளியே ஊதுகிறது. பொலிஷ் அடித்த பலகை காய்ந்துகொண்டிருக்கும்போது அந்தக் காற்று என்ன செய்யும் என்பதை ஒருமுறை பட்டவர்களுக்குத் தெரியும். இருந்தாலும், அடுத்து வரும் 240 வோல்ற் வகைகளில் பெரும்பாலானவை விசிறி ஹீற்றர்களே. அவற்றை மேலே கூரையில் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை தூசியை உறிஞ்சி எடுத்தால் இந்தக் குறை பெரிதும் தீர்ந்துவிடும்.

240 வோல்ற் ஹீற்றருக்கு என்ன தேவைப்படும்?

வார இறுதி இரண்டு நாளும் உள்ளே நின்று வேலை செய்கிறவருக்கு என் பதில் இதுதான்: 4000 அல்லது 5000 வாற் தரும் 240 வோல்ற் ஹீற்றர். ஹீற்றரின் விலையைவிட வயரிங் செலவு கூடலாம். அதைச் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

5000 வாற் ஹீற்றர் 21 அம்பியர் அளவில் இழுக்கும். தொடர்ந்து ஓடும் சாதனத்துக்குக் கால் பங்கு கூடுதல் இடம் விட வேண்டும் என்பதால் 30 அம்பியர் இரட்டைப் பிரேக்கரும், 10 கேஜ் செப்பு வயரும், அதற்கேற்ற பிளக்கும் தேவை. மின்பெட்டி கராஜுக்கு அடுத்த சுவரில் இருந்தால் வேலை எளிது. பேஸ்மென்றின் மறுமூலையில் இருந்தால் வயரின் நீளமும் கூலியும் ஏறும். 100 அம்பியர் இணைப்பு மட்டும் உள்ள பழைய வீட்டில் மின் அடுப்பு, துணி உலர்த்தி, குளிரூட்டி, மின்காருக்கான சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே இருந்தால், இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறதா என்று எலக்ரீசியன் கணக்குப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

ஒன்ராறியோவில் இந்த வேலையை மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துச் செய்ய வேண்டும். காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர் அனுமதி பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். "தெரிந்த தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுத் தருவான்" என்பது நம்மிடையே பரவலான ஏற்பாடு. தம்பி கெட்டிக்காரனாகவே இருக்கலாம். ஆனால் பின்னர் தீ விபத்து ஒன்று நேர்ந்து காப்புறுதி நிறுவனம் பரிசோதனைப் பத்திரத்தைக் கேட்டால் தம்பியிடம் அது இருக்காது.

துணி உலர்த்தியின் பிளக்கிலோ மின்கார் பிளக்கிலோ செருக முடியுமா?

வடிவமே பொருந்தாது, அது வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது. 50 அம்பியர் பிரேக்கரில் இருக்கும் மின்கார் பிளக்கில் 30 அம்பியருக்கான ஹீற்றரை ஏதாவது இடைப்பிளக் வைத்துச் செருகினால், ஹீற்றரின் வயர் உருகும் அளவுக்கு மின்சாரம் ஓடினாலும் பிரேக்கர் விழாது. வீட்டில் செய்த இடைப்பிளக் எதையும் பயன்படுத்தாதீர்கள்.

ஹீற்றரின் வயர் எட்டவில்லை. எக்ஸ்ரென்ஷன் வயர் போடலாமா?

போடக்கூடாது. பல பிளக்குகள் உள்ள பவர் பாரில் செருகவே கூடாது. ஹீற்றரோடு வரும் கையேடுகளில் பெரும்பாலானவை இதைச் சொல்கின்றன, வாசிப்பவர்கள்தான் குறைவு.

சுவர்ப் பிளக்கையும் நம்பிவிட வேண்டாம். முதல் நாள் ஹீற்றரை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, பிளக்கின் தலையைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உள்ளே உள்ள பித்தளை நாக்குகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். நான் ஒருமுறை கழற்றிய பிளக்கில், இடது துளையின் ஓரத்தில் நகத்தளவு பழுப்புக் கறை மட்டுமே வெளியே தெரிந்தது. பின்பக்கம் திருப்பினால் பிளாஸ்ரிக் குமிழிவிட்டு வயரின் மேலுறை கறுத்துப்போயிருந்தது. ஒரு குளிர்காலம் முழுவதும் அது அப்படியே ஓடியிருக்கிறது.

வீடு 1960களின் நடுப்பகுதிக்கும் 1970களின் இறுதிக்கும் இடையில் கட்டப்பட்டதாக இருந்தால் உள்ளே அலுமினிய வயர் ஓடியிருக்கக்கூடும். ஸ்காபரோவின் பழைய தெருக்களில் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அங்கே ஹீற்றர் செருகும் பிளக்கை முதலில் எலக்ரீசியனிடம் காட்டிவிடுங்கள்.

புரொப்பேன் ஹீற்றர் மலிவு, சூடும் அதிகம். அதை ஏன் எல்லோரும் வாங்குவதில்லை?

சூடு அதிகம் என்பது உண்மை. கட்டுமான இடங்களில் குழாய்போல நீண்டு சீறிக்கொண்டு எரியும் வகை, 30,000 முதல் 60,000 பி.ரி.யு. வரை, அதாவது 9 முதல் 18 கிலோவாற் வரை தரும். பத்து நிமிடத்தில் கராஜ் சூடாகிவிடும். ஆனால் அது நாற்புறமும் காற்றோட்டமுள்ள இடத்துக்காகச் செய்யப்பட்டது. பூட்டிய கராஜுக்காக அல்ல. புகைபோக்கி இல்லாத எந்த எரிபொருள் ஹீற்றரும் எரிந்து முடிந்த வாயு முழுவதையும் நீங்கள் மூச்சு விடும் காற்றிலேயே கொட்டுகிறது. சுடருக்கு ஒட்சிசன் போதாமல் போகும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உருவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று காய்ச்சல் வரப்போவதுபோல உடம்பு காட்டும். அந்த நேரத்தில் சரியாக யோசிக்கும் மூளையும் மந்தமாகிவிடும். அப்படி ஏதாவது தோன்றினால் ஹீற்றரை அணைக்க நிற்காமல் முதலில் வெளியே வந்து, பிறகு 911ஐ அழையுங்கள். கையில் எடுத்துச் செல்லும் எரிபொருள் சாதனங்களை வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் பயன்படுத்த வேண்டாம் என்பதே கனடாவின் சுகாதாரத் துறை சொல்லும் அறிவுரை.

"கதவை ஓரடி திறந்து வைக்கிறேனே" என்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து அந்த ஓரடி போதும், போதாமலும் போகும். அதைக் கண்ணால் கணிக்க முடியாது. மேலும், அந்த ஓரடியால் வாங்கிய சூட்டில் பெரும்பகுதி வெளியே போய்விடும்.

மரவேலைக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்குப் போதுமானதாக இருந்த காரணம் அதுதான். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று அதிகமான நீர் ஆவியாக வெளிவருகிறது. முகாமடிக்க எடுத்துச் செல்லும் ஒரு இறாத்தல் பச்சைச் சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது முக்கால் லீற்றர் தண்ணீரைக் காற்றில் விட்டிருக்கும். அந்த ஆவி கராஜிலேயே மிகக் குளிர்ந்த பொருளைத் தேடிப் படியும். அது உங்கள் மேசை வாளின் வார்ப்பிரும்புத் தட்டுத்தான். நண்பர் ஒருவர் இரண்டு வார இறுதிகள் புரொப்பேன் எரித்தார். மூன்றாவது வாரம் அவருடைய வாளின் தட்டில், தேநீர்க் கோப்பையின் அடி வட்டம் உட்பட, எல்லாம் செம்மஞ்சள் துருவாகப் பதிந்திருந்தது.

சிலிண்டரை வைக்கும் இடமும் சிக்கலே. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பாபிகியூவுக்கு வைத்திருக்கும் 20 இறாத்தல் சிலிண்டரைக் கராஜுக்குள் வைக்காமல், வெளியே நிமிர்த்தி வைப்பதே முறை.

மண்ணெண்ணெய் ஹீற்றர்?

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்த மணம் பழையதொன்றை நினைவூட்டலாம். ஆனால் புரொப்பேனுக்குச் சொன்ன குறைகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்; ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிவரும். மணமோ மரத்திலும் உடுப்பிலும் தங்கிவிடும். வேண்டாம்.

காபனோரொட்சைட்டு அலாரம் மின் ஹீற்றருக்கும் தேவையா?

மின் ஹீற்றர் அந்த வாயுவை உருவாக்குவதில்லை. ஆனால் கராஜில் நிற்கும் கார் உருவாக்குகிறது. வீட்டோடு இணைந்த கராஜ் இருந்தால் படுக்கையறைகளுக்கு அருகில் அலாரம் இருக்க வேண்டும் என்பது 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டம். 2026 ஜனவரி 1 முதல் மாடிக்கு ஒன்றும் கட்டாயம்.

இதோடு சேர்த்து ஒன்று. வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போகும் கதவைத் திறந்து வைத்து, வீட்டுச் சூட்டில் கராஜை வெதுவெதுப்பாக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தக் கதவு ஓரமெல்லாம் இறுக்கமாக, தானாக மூடிக்கொள்ளும்படி பொருத்தப்பட்டிருப்பதே கராஜின் புகை வீட்டுக்குள் வராமல் இருக்கத்தான். கட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்காதீர்கள்.

மரத்தூள், வார்னிஷ், பெற்றோல் உள்ள இடத்தில் மின் ஹீற்றர் ஆபத்தில்லையா?

கவனமில்லாவிட்டால் ஆபத்துத்தான். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படரும். கராஜில் பொருத்தும் எரிவாயுச் சாதனங்களின் தீப்பொறி எழும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே வந்தது. மின் ஹீற்றருக்கும் அதையே கடைப்பிடியுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் தாங்கியைத் திறந்திருக்கும்போது, அல்லது லக்கர், தின்னர் போன்றவற்றைப் பாவிக்கும்போது, ஹீற்றரை அணைத்து, பிளக்கையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். குளிர்காலத்துக்கு நீரில் கரையும் வார்னிஷுக்கு மாறிவிடுவது இன்னும் நல்லது. மரத்தூள் பறக்கும் வேலைக்கு முன்னர் சிவந்து எரியும் ஹீற்றரை அணைப்பதும், எந்த ஹீற்றரைச் சுற்றியும் ஒரு மீற்றர் இடம் விடுவதும் பழக்கமாகிவிட வேண்டும்.

உள்ளே எவ்வளவு வெப்பம் இருந்தால் போதும்?

உடம்புக்கு 10 பாகை போதும். அசைந்து வேலை செய்கிறவருக்கு அதற்கு மேல் வியர்க்கும். கால்தான் குளிரும். சீமெந்துத் தரையில் நிற்காமல் தடித்த றப்பர் விரிப்பிலோ ஒரு ஒட்டுப்பலகைத் துண்டிலோ நின்றால், ஹீற்றரை இரண்டு பாகை குறைத்துவிடலாம்.

ஆனால் மரப் பசை உங்களைவிடக் கண்டிப்பானது. மஞ்சள் நிற மரப் பசைகளுக்கு, வகையைப் பொறுத்து, 8 முதல் 13 பாகை வரை குறைந்தபட்ச வெப்பம் தேவை, போத்தலில் எழுதியிருக்கும். இங்கே கணக்கு காற்றின் வெப்பம் அல்ல, மரத்தின் வெப்பம். காற்று ஒரு மணித்தியாலத்தில் 15 பாகைக்கு வந்துவிடலாம். −5இல் கிடந்த ஓக் பலகையின் உள்பகுதி அன்று மாலைவரை குளிர்ந்தே இருக்கும். இது தெரியாமல் நான் ஒட்டிய ஒரு நாற்காலிக் காலில், மறுநாள் இறுக்கியைக் கழற்றியபோது இணைப்பு நெடுக வெண்கட்டித் தூள் போலப் பசை வெளுத்திருந்தது. கையால் அசைத்தேன், பிஸ்கற் உடைவதுபோலக் கழன்று வந்தது. அதன் பிறகு, ஒட்ட வேண்டிய மரத்தை முதல் நாள் இரவே பேஸ்மென்றுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். பசையும் பெயின்ற்றும் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவை உறையாமல் இருப்பதற்காக இரவு முழுவதும் கராஜில் ஹீற்றரை ஓடவிடுவது காசுக்கும் கேடு, ஆள் இல்லாத இடத்தில் ஹீற்றர் ஓடுவது பாதுகாப்பும் அல்ல.

மின்கட்டணம் எவ்வளவு வரும்?

5 கிலோவாற் ஹீற்றர் இடைவிடாமல் மூன்று மணித்தியாலம் ஓடினால் 15 அலகு. அலகுக்கு 15 சென்ற் என்று வைத்தால் 2 டொலர் 25 சென்ற். நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வார நாட்களில் இரவு 7 மணிக்குப் பிறகும், வார இறுதி முழுவதும் மலிவு நேரம். பொழுதுபோக்காக வேலை செய்கிறவர்களின் நேரமும் அதுவே என்பது நல்ல பொருத்தம்.

நாள்தோறும் எட்டு மணித்தியாலம் கராஜில் தொழில் செய்கிறவருக்கு இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் ஏற்றதல்ல. அவர் சுவரில் பொருத்தும் ஹீற் பம்பையோ, புகைபோக்கியோடு நிரந்தரமாகப் பொருத்தும் எரிவாயு ஹீற்றரையோ பார்க்க வேண்டும். எரிவாயு வேலைக்கு உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் கட்டாயம்.

இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் ஹீற்றரை வாங்கலாமா?

அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். பாதுகாப்புப் பரிசோதனையில் தேறியதைக் காட்டும் சிஎஸ்ஏ (CSA) முத்திரையோ, கனடாவுக்கான சி எழுத்தோடு கூடிய யுஎல் (UL) அல்லது ஈரிஎல் (ETL) முத்திரையோ இருக்க வேண்டும். படத்தில் அந்தத் தகடு தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். உள்ளங்கை அளவில் சுவர்ப் பிளக்கிலேயே தொங்கும் குட்டி ஹீற்றர்கள் கராஜுக்கு எந்த வகையிலும் உதவா.

வாடகை வீட்டில் இருக்கிறேன். 240 வோல்ற் போட உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

1500 வாற் கதிர்வீச்சு ஹீற்றர் ஒன்று, கதவுக்கு அடி றப்பர், கதவின் உள்பக்கம் வீடு மாறும்போது தளபாடங்களைச் சுற்றும் தடித்த போர்வை, காலுக்கு றப்பர் விரிப்பு. போர்வை ஹீற்றருக்கு எட்டாத தூரத்தில் தொங்கட்டும். −5 வரை இது தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போகும் நாட்களில் வரைபடம் வரையலாம், உளி தீட்டலாம். இரண்டும் சமையலறை மேசையில் நடக்கும் வேலைகள்.

போன வருட ஹீற்றரை மீண்டும் எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கோடை முழுவதும் மரத்தூளோடு கிடந்த ஹீற்றரை அப்படியே சுவரில் செருகாதீர்கள். வெளியே கொண்டுபோய் ஊதுகாற்றால் எல்லாத் துளைகளையும் சுத்தம் செய்யுங்கள். எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. வயரைக் கைக்குள் பிடித்து நீளம் முழுவதும் வருடிப் பார்த்தால் வெடிப்பும் பல் தடமும் விரலில் தட்டும். பிளக்கின் பித்தளைக் கால்கள் கறுத்திருந்தால் ஹீற்றரை மட்டுமல்ல, அது செருகியிருந்த சுவர்ப் பிளக்கையும் மாற்ற வேண்டும். முதல் ஐந்து நிமிடம் கருகல் மணம் வரும். அது கம்பியில் படிந்த தூசி. பத்து நிமிடம் கழித்தும் மணம் போகாவிட்டால் அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.